குருகும் உண்டு: நுண்வாசிப்பும் கோட்பாடும் சந்திக்கும் இடம்

முதுகலையிலும் ஆய்வு நிலையிலும் இலக்கியம் படிக்க வருபவர்களின் கட்டுரைகளில் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. முதல் இரண்டு பக்கம் ஃபூக்கோ, தெரிதா, ஸ்பிவாக் போன்ற கோட்பாட்டாளர்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு கவிதை மேற்கோளாக வருகிறது. அதன் கீழே ‘இக்கவிதை அதிகாரத்தைக் கட்டுடைக்கிறது’ என்று ஒரு வரி. பிறகு மீண்டும் ஃபூக்கோ. அந்தக் கவிதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாலும் கட்டுரையில் ஒரு சொல்கூட மாற வேண்டியிருக்காது. இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. உவமை, எதுகை, படிமம், ஓசை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ‘அதனால் என்ன?’ என்று கேட்டால் கட்டுரையிடம் பதில் இருக்காது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நுண்வாசிப்பை (எழுத்தைச் சொல் சொல்லாகப் படிப்பதை) ஒரு பாடத்தாளாகவும் கோட்பாட்டை (இலக்கியம் எப்படிப் பொருள் தருகிறது என்ற பொதுச்சிந்தனையை) இன்னொரு பாடத்தாளாகவும் தனித்தனியே படித்துத் தேறிவிடுகிறோம். இரண்டும் ஒரே திறமை என்பதே என் வாதம். பனுவலை, அதாவது நாம் படிக்கும் பாட்டையோ கதையையோ, வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுக்கும்போது குறிப்பு எங்கே தடுமாறி நிற்கிறதோ அங்கேதான் கோட்பாட்டுக்கு வேலை. கோட்பாட்டு நூலையும் அதே வரிவரியான பொறுமையோடுதான் படித்தாக வேண்டும். இதைச் சும்மா சொல்லிப் பயனில்லை, ஒரு பாட்டை வைத்துச் செய்து பார்ப்போம். குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

ஐந்தே அடி. பயிற்சிக்கு இந்த அளவுதான் நல்லது. செய்யுளானால் 20 அடிக்கு மேல் வேண்டாம், உரைநடையானால் 200 முதல் 300 சொற்கள் போதும். அதைத் தாண்டினால் வாசிப்பு தானாகவே கதைச்சுருக்கமாக மாறிவிடும்.

முதல் வேலை, பாட்டைக் கையால் எழுதுவது. அடிக்கு அடி இரண்டு வரி இடைவெளி விட்டு, ஓரத்தில் அடி எண் போட்டு எழுத வேண்டும். கண் இடைச்சொற்களைத் தாண்டிப் போய்விடும். கை அப்படிப் போகாது. இந்தப் பாட்டில் எல்லாமே இடைச்சொற்களில் நடப்பதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, பொழிப்பு எழுதுவது. மேல்வகுப்புக்கு வந்தவர்கள் இதைத் தங்கள் தகுதிக்குக் குறைவென்று விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத் திறனாய்வாளர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் ஆசிரியர் பெயரோ காலமோ சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து எழுதச் சொன்னார். கிடைத்த பதில்களை ஆராய்ந்து 1929இல் வெளியிட்ட நூலில் வாசிப்பின் இடர்ப்பாடுகளை வரிசைப்படுத்தினார். அதில் முதலாவதாக நின்றது, கவிதையின் நேர்பொருளையே பிடிக்க முடியாமல் போவது. இலக்கியத்தையே பாடமாக எடுத்தவர்களுக்கு அப்படி நேர்ந்தது என்றால் பொழிப்பைத் தாண்டிக் குதிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே எழுதுவோம்: ‘அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் குருகும் இருந்தது.’

இதோடு நிறுத்தினால் தேர்வுக்கு விடை எழுதியதாகத்தான் ஆகும். நுண்வாசிப்பு தொடங்குவது அடுத்த படியில். பொழிப்பையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொழிப்பில் நாமாகச் சேர்த்த சொற்கள் எவை என்று ஒவ்வொன்றாக அடிக்கோடிட வேண்டும். ‘அங்கே’ நாம் சேர்த்தது. ‘வேறு’ நாம் சேர்த்தது. ‘என்னை’ பாட்டில் இல்லை. யாரை மணந்தான் என்று பாட்டில் பேசும் தலைவி வாய்விட்டுச் சொல்லவே இல்லை. ‘இருந்தான்’, ‘இருந்தது’ இரண்டும் நம்முடையவை. பாட்டில் இருப்பவை ‘இல்லை’, ‘உண்டு’. இரண்டும் காலம் காட்டாத வினைகள். ‘பார்க்கும்’ என்பதோ செய்யும் என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அது நடந்து முடிந்ததைச் சொல்வதில்லை. ‘பொய்ப்பின்’ நிபந்தனை, ‘செய்கோ’ இனி வருவது. ஐந்தடியிலும் இறந்தகாலம் காட்டும் வினை ஒன்றே ஒன்று: ‘மணந்த’.

முடிந்துபோனது அந்தக் கூட்டம் மட்டும்தான். யாரும் இல்லாமை முடியவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. குருகு என்ற அந்த நீர்ப்பறவை இன்னும் மீனைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. பொழிப்பில் ‘இருந்தது’ என்று போட்ட உடனே இது அழிந்துவிட்டது. பொழிப்பையே கவிதை என்று எடுத்துக்கொள்வதை ஒரு பெருந்தவறாகவே கருதியவர் அமெரிக்கத் திறனாய்வாளர் கிளியந்த் புரூக்ஸ். 1947இல் அவர் எழுதியதைப் படித்துவிட்டு, பொழிப்பே எழுதக் கூடாது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். பொழிப்பு எதை இழக்கிறது என்று பார்ப்பதற்காகவே எழுத வேண்டும்.

மூன்றாவது படி, தாளை நடுவில் கோடிட்டு இரண்டு பத்திகளாக்குவது. இடப்பக்கம் விரல்வைத்துக் காட்டக்கூடியவை மட்டும். வலப்பக்கம் அதைப் பற்றி நாம் நினைப்பது. ‘தலைவியின் ஏக்கம்’ இடப்பக்கம் வரக் கூடாது, ஏக்கத்தை விரலால் தொட்டுக் காட்ட முடியாது. ‘தான் என்ற சொல் மூன்று முறை, யான் ஒரே முறை’ என்பது வரலாம். ஐந்தடிப் பாட்டுக்கு இடப்பக்கம் 25 குறிப்புகளாவது சேரும்வரை வலப்பக்கத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. முதல் பத்துக் குறிப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருக்கும். பதினைந்தைத் தாண்டும்போது கண் வேறு மாதிரி பார்க்க ஆரம்பிக்கும். சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் பிறகு பயன்படாமல் போகும். அதற்காக வருந்த வேண்டாம், எது பயன்படும் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இந்தப் பாட்டில் எனக்குப் பெரிதாகப்படும் குறிப்பு ஒன்று உண்டு. ‘யாரும்’ என்பதிலும் ‘குருகும்’ என்பதிலும் இருப்பது ஒரே உம். முதலாவது முற்றும்மை; ஒருவரையும் விடாமல் எல்லோரையும் வெளியே நிறுத்திக் கதவை அடைக்கிறது. ஐந்தாம் அடியில் வருவது எச்சவும்மை. இன்னொன்றும் இருந்தது என்று அதே கதவைத் திறக்கிறது. முதல் சொல்லில் அடைத்ததைக் கடைசி அடியில் அதே எழுத்துகளால் திறக்கிறாள். நான்கு அடி தாண்டி வரும் இந்தத் திருத்தம், பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவுக்கு வந்த ஒன்றைப் போல வந்து விழுகிறது.

‘தானே கள்வன்’ என்பதை இரண்டு விதமாகக் கொள்ளலாம். ஏகாரம் பிரிநிலை என்றால் அந்தக் கள்வன் மட்டுமே அங்கிருந்தான் என்று பொருள். தேற்றம் என்றால் அவனேதான் கள்வன் என்று பொருள். இருபொருளைக் கண்டவுடன் மகிழ்ந்துபோய்க் குறித்துவைப்பவர்கள் நிறைய. ஆங்கிலத் திறனாய்வாளர் வில்லியம் எம்ப்சன் 24 வயதில், 1930இல் வெளியிட்ட நூலில் பொருள்மயக்கத்தை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டினார். அந்த ஏழையும் மனப்பாடம் செய்வதைவிட ஒரு சோதனையைக் கைக்கொள்வது மேல்: இரண்டு பொருளும் இந்த இடத்தில் வேலை செய்கின்றனவா? இங்கே செய்கின்றன. ஒரு பொருளில் அவன் ஒரே சாட்சி, மறுபொருளில் அவனே குற்றவாளி. சாட்சியும் குற்றவாளியும் ஒருவனே என்பதுதான் அவளுடைய இக்கட்டு முழுவதும். ஒரு பொருள் மட்டுமே வேலை செய்து, மற்றது அகராதியில் இருப்பதால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

வழுக்கும் இடங்கள்

அதிகம் பேர் வழுக்கும் இடம், மரபைத் தேர்வு என்று மயங்குவது. நான்காம் அடியில் மூன்றே சீர், மற்ற அடிகளில் நான்கு. ‘தலைவியின் மனம் குறுகுவதைக் குறுகிய அடி காட்டுகிறது’ என்று எழுதத் தோன்றும். இது நேரிசை ஆசிரியப்பா; ஈற்றயலடி (கடைசிக்கு முந்திய அடி) முச்சீராக வருவது அதன் இலக்கணம். மகிழ்ச்சிப் பாட்டிலும் போர்ப்பாட்டிலும் அது அப்படியேதான் வரும். எல்லாப் பாட்டிலும் இருக்கும் ஒன்றுக்கு இந்தப் பாட்டின் பொருளை ஏற்றக் கூடாது. இலக்கணம் தந்த அந்தக் குறுகிய அடிக்குள் குருகின் பார்வையை வைத்தது தேர்வு என்று வேண்டுமானால் சொல்லலாம். அதையும் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும். வடிவத்தைப் பற்றி எதை எழுதினாலும், அதே வடிவத்தில் உள்ள இன்னும் மூன்று பாட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, இன்றைய காதால் கேட்பது. ‘மணந்த’ என்றதும் கல்யாணம் நினைவுக்கு வரும். இங்கே அது கூடுதல், கலத்தல். கல்யாணம் நடந்திருந்தால் இந்தப் பாட்டுக்கே தேவையில்லை. ‘உண்டுதான்’ என்று சீர் சேர்ந்து நிற்பதால் இன்று பேசும்போது சொல்லும் ‘உண்டுதான்’ போல ஒலிக்கும். பொருளில் ‘தான்’ பிரிந்துபோய் ‘மணந்த’ என்பதோடு சேர்கிறது. பழம்பாட்டில் மிகவும் பழக்கமாகத் தோன்றும் சொற்களைத்தான் அகராதியில் முதலில் பார்க்க வேண்டும். தெரியாத சொல்லைப் பார்க்க நாம் மறப்பதில்லை. தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் கவிழ்க்கும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் பழைய நூல்களிலிருந்து எடுத்துக்காட்டு தருவதால் இந்த வேலைக்கு உதவும்.

மூன்றாவது வழுக்கல், கண்டதையெல்லாம் குறியீடாக்குவது. இரைக்காகக் காத்து நிற்கும் குருகு தலைவனைக் குறிக்கிறது என்று எழுதிவிடுவது எளிது. ‘குறிக்கிறது’ என்பது பெரிய சொல். ‘அப்படி எண்ண இடம் தருகிறது’ என்பது வேறு, ‘குறிக்கிறது’ என்பது வேறு. கட்டுரையில் இந்த வினைச்சொற்களைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். கருப்பொருளின் (நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம் போன்றவற்றின்) வழியே குறிப்புப்பொருள் சொல்லும் முறையைத் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று பெயரிட்டு விளக்குகிறது. கோட்பாடு என்றாலே இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பவர்கள் அதன் பொருளதிகாரத்தை ஒருமுறை கோட்பாட்டு நூலாகப் படித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பாட்டு குறிஞ்சித் திணையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் காட்சியில் இருப்பது ஓடும் நீரும் மீனும் குருகும். மலைநிலத்தின் தினை உவமையாக மட்டுமே வருகிறது. திணையைப் பற்றி விதி தெரிந்தவருக்குத்தான் இது உறுத்தும். உறுத்தச் செய்வதுதான் கோட்பாட்டின் முதல் பயன்.

உரையாசிரியர்களிடம் கற்க வேண்டிய பழக்கம் ஒன்றும் உண்டு. பரிமேலழகர் தம் உரையைச் சொல்லிவிட்டு, வேறு விதமாகப் பொருள் கொண்டவர்களை ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று குறிப்பிடுகிறார். ஏற்காதபோது காரணம் காட்டி மறுக்கிறார். உங்கள் வாசிப்பின் ஒவ்வொரு முக்கியமான இடத்திலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு இடம் வையுங்கள். எதிர்வாசிப்பு ஒன்றைக்கூட உங்களால் கற்பனை செய்ய முடியவில்லை என்றால், நீங்கள் சொல்வது வாதம் இல்லை, வெறும் விவரணை.

உரைநடைக்கும் இதே படிகள்தான். கேள்விகள் மட்டும் மாறும். யார் சொல்கிறார், யார் கண் வழியே பார்க்கிறோம், எத்தனை நாளை எத்தனை வரியில் சொல்கிறது? தமிழில் கூடுதலாக ‘என்று’ என்ற சொல்லைத் தேடுங்கள். ‘இனி இங்கே வரக் கூடாது என்று நினைத்தாள்’ என்பதில் எண்ணம் அவளுடையது. ‘என்று’ உதிர்ந்து ‘இனி இங்கே வரக் கூடாது’ என்று மட்டும் நின்றால் அது அவள் எண்ணமா, கதைசொல்லியின் தீர்ப்பா? ஒரு பக்கத்தில் இந்த இடங்களை மட்டும் வட்டமிட்டாலே நாவலின் குரல் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

தடுமாறும் இடம்

இப்போது இடப்பத்தியில் இருந்து, வலப்பத்தியால் விளக்க முடியாத குறிப்புகளை மட்டும் வட்டமிடுங்கள். இந்தப் பாட்டில் எனக்கு மூன்று கிடைக்கின்றன.

‘தான் அது பொய்ப்பின்’ என்பதில் ‘அது’ எது? பாட்டில் இதற்கு முன்னும் பின்னும் அதற்குரிய பெயர்ச்சொல் இல்லை. ஒரு வாக்குறுதி என்று ஊகிக்கிறோம். என்ன சொன்னான், எந்தச் சொற்களில் சொன்னான் என்பது பாட்டுக்கு வெளியே நிற்கிறது. அடுத்தது, பேச முடியாத, நம்மைப் பார்க்காமல் மீனைப் பார்க்கும் ஒரு பறவையைச் சாட்சியாக ஏன் நினைவுகூர வேண்டும்? மூன்றாவது, இதைச் சொல்வது யார் என்று நமக்கு எப்படித் தெரியும்? வரைவு (திருமணம்) நீட்டித்தபோது, அதாவது தள்ளிப்போனபோது, தலைவி தோழிக்குச் சொன்னது என்ற குறிப்பு பாட்டின் அடிகளில் இல்லை. தொகுப்பு மரபில் பின்னர் வந்து சேர்ந்தது. அதை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் படித்துப் பாருங்கள். கேட்பவர் தோழி என்பது எங்கே போயிற்று?

இந்த மூன்றும் மூன்று கோட்பாட்டு வாசல்கள். மூன்றாவது கேள்வி நேராகப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த்திடமும் ஃபூக்கோவிடமும் கொண்டுபோய் விடுகிறது. ஆசிரியரின் மரணம் பற்றிய பார்த்தின் புகழ்பெற்ற கட்டுரையைப் பொதுமுழக்கமாக மட்டும் அறிந்தவர்கள் அதன் தொடக்கத்தைக் கவனிப்பதில்லை. அது பால்சாக்கின் கதையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவைத்து, ‘இப்படிப் பேசுவது யார்?’ என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. அதே கதையை 1970இல் வந்த நூலில் 561 துண்டுகளாக வெட்டி, ஐந்து குறிமுறைகளைக் கொண்டு துண்டு துண்டாகப் படித்தார். கோட்பாட்டின் உச்சியில் நிற்பவர் செய்தது நுண்வாசிப்புதான்.

இரண்டாவது கேள்வி ஸ்பிவாக்கின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவூட்டும். விளிம்புநிலையினரால் பேச முடியுமா என்ற தலைப்பு ஒரு கேள்வி. மேற்கோள் காட்டுபவர்கள் ‘முடியாது’ என்ற விடையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விடையை அவரே 1999இல் வந்த நூலில், சொல்லியிருக்க வேண்டாத ஒன்று என்று திரும்பிப் பார்த்தார். பேச வாயில்லை என்பது அவர் வாதம் அல்ல. பேச்சைப் பேச்சாக ஏற்றுக்கொள்ளும் காதுகளும் அமைப்பும் இல்லை என்பதே வாதம். அந்த அளவில் படித்தால் மட்டுமே நம் பாட்டில் அது பொருந்துகிறதா, இல்லையா என்று விவாதிக்க முடியும். என் பார்வையில் முழுதாகப் பொருந்தவில்லை. தோழி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இங்கே இல்லாதது சாட்சியம்.

முதல் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

கோட்பாட்டு நூலைப் படிக்கும் விதம்

கடினமான கோட்பாட்டுக் கட்டுரையை மணிக்கு ஐந்தாறு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை, அதன் இயல்பான வேகமே அதுதான். மூன்று முறை படியுங்கள். முதல் முறை நிற்காமல் படித்து ஒரே கேள்விக்கு விடை தேடுங்கள்: இவர் யாரோடு சண்டை போடுகிறார்? எதிராளி யாரென்று தெரியாமல் எந்தக் கோட்பாட்டு வாக்கியத்துக்கும் பொருள் விளங்காது. இரண்டாம் முறை பத்திக்கு ஒரு வாக்கியம் உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். இருபது பக்கக் கட்டுரைக்கு இரண்டு, இரண்டரைப் பக்கம் வரும். எந்தப் பத்திக்கு வாக்கியம் வரவில்லையோ அங்கே கேள்விக்குறி போட்டுவிட்டுப் போங்கள். மூன்றாம் முறை ஒரே ஒரு கலைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அது வரும் இடங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். சொல் கட்டுரைக்குள்ளேயே பொருள் மாறிக்கொண்டு போவதைப் பல நேரம் காண்பீர்கள்.

அறிமுக நூல்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்தை ஒருமுறை படித்துத் திணறிய பிறகு அறிமுகத்துக்குப் போங்கள். முதலில் அறிமுகத்தைப் படித்தால் மூலத்தில் அறிமுகம் சொன்னதை மட்டுமே காண்பீர்கள்.

மேற்கோளாகப் பிரபலமான வாக்கியங்களிடம் தனி எச்சரிக்கை வேண்டும். ‘பனுவலுக்கு வெளியே எதுவும் இல்லை’ என்று தெரிதா சொன்னதாக, உலகமே சொற்கள்தான் என்ற பொருளில் எடுத்தாளுகிறார்கள். 1967இல் வந்த அவருடைய நூலில் அந்த வாக்கியம் சிந்தனையாளர் ரூசோவைப் படிக்கும் அத்தியாயத்தில், வாசிப்புமுறையைப் பற்றிய ஒரு விவாதத்தின் நடுவே வருகிறது. பிரெஞ்சில் உள்ள தொடர் ‘வெளிப்பனுவல் என்று ஒன்று இல்லை’ என்பதற்கு நெருக்கமானது. அச்சுத்தொழிலில், பக்க எண் இல்லாமல் நூலுக்குள் தனியாகச் செருகப்படும் படத்தாளுக்கும் அந்தச் சொல்தான் பெயர். ரூசோவின் எழுத்தை விளக்க எழுத்துக்கு அப்பாற்பட்ட, இன்னொரு குறியையும் சார்ந்திராத ‘உண்மையான வாழ்க்கை’ ஒன்றைப் பிடித்து நிறுத்த முடியாது என்பதே அங்கே நடக்கும் வாதம். உலகம் இல்லை என்று அவர் எழுதவில்லை.

மொழிபெயர்ப்பும் விளையாடும். தெரிதாவின் ‘டிகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்பதற்கு வழங்கும் கட்டுடைப்பு என்ற தமிழ்ச்சொல்லில் உடைத்தல் உரத்து ஒலிப்பதால், ஒன்றைத் தாக்கி நொறுக்குவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். கட்டவிழ்ப்பு என்றால் முடிச்சைப் பொறுமையாக அவிழ்ப்பது நினைவுக்கு வருகிறது. தெரிதா ஜெர்மன் தத்துவவாதி ஹைடெக்கரிடமிருந்து வளர்த்தெடுத்த கருத்துக்கு, கட்டப்பட்ட விதத்தைக் காட்டும்படி பிரித்துப்பார்ப்பது என்ற பொருளே நெருக்கம். எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் சரி. அது உங்கள் காதில் என்ன சேர்க்கிறது என்று அறிந்து பயன்படுத்துங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை நான் பிடிவாதக்காரன். மொழியியலாளர் சசூரின் நூலைப் படிக்காமல் தெரிதாவுக்குப் போகக் கூடாது. சசூர் 1913இல் இறந்த பிறகு, மாணவர்களின் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்டு 1916இல் வந்த நூல் அது. குறி, குறிப்பான் (சொல்லின் ஒலிவடிவம்), குறிப்பீடு (அது சுட்டும் கருத்து), வேறுபாடுகளால் பொருள் உண்டாவது என்ற நான்கு கருத்துகள் கைவசமானால் போதும். பிறகு ரஷ்யத் திறனாய்வாளர் ஷ்க்லோவ்ஸ்கியின் 1917ஆம் ஆண்டுக் கட்டுரை. பழகிப்போனதைப் புதிதாகக் காணச் செய்வதே கலையின் உத்தி என்ற வாதம். பார்த், ஃபூக்கோ, தெரிதா அதற்குப் பிறகு. மார்க்ஸின் மூலதனத்தில் சரக்கு பற்றிய முதல் அத்தியாயம், ஃபிராய்டின் கனவு விளக்கத்தில் கனவு வேலை பற்றிய அத்தியாயம் இரண்டையும் எப்படியாவது இடையில் நுழைத்துவிடுங்கள். இவ்விருவரையும் நீட்சேவையும் சேர்த்துத்தான் பிரெஞ்சுத் தத்துவவாதி பால் ரிக்கர் 1965இல் சந்தேகத்தின் ஆசான்கள் என்ற வரிசையில் வைத்தார்: மேற்பரப்பு மறைக்கிறது, வாசகர் தோண்ட வேண்டும் என்ற மனநிலை.

அந்த மனநிலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே தோண்டினால் அதுதான் கிடைக்கும். எல்லா நாவலிலும் கருத்தியல், எல்லாக் கவிதையிலும் அடக்குமுறை. அமெரிக்கத் திறனாய்வாளர் ஈவ் செட்ஜ்விக் இதைச் சந்தேகநோய் பிடித்த வாசிப்பு என்று அடையாளம் காட்டி, பனுவலிடமிருந்து ஊட்டம் பெறும், சீர்செய்யும் வாசிப்பையும் அதன் பக்கத்தில் வைத்தார். உங்கள் கட்டுரையின் முடிவு, பனுவலைத் திறக்கும் முன்பே உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் மீண்டும் இடப்பத்திக்கே திரும்புங்கள்.

எழுதும்போது

3,000 சொல் கட்டுரைக்கு ஒரு கோட்பாட்டுக் கருத்து போதும். இரண்டு இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோத வேண்டும். மேற்கோள் காட்டும் ஒவ்வோர் அடிக்கும் உங்கள் விளக்கம் மூன்று வரியாவது இருக்கட்டும். கோட்பாட்டாளரின் பெயர் பத்தியின் முதல் வாக்கியத்தில் வர வேண்டாம். பனுவலில் கண்டதைச் சொல்லி, அதிலுள்ள முரணைக் காட்டி, அதன் பிறகு அவரைக் கூப்பிடுங்கள்.

எழுதி முடித்ததும் இரண்டு சோதனைகள். கோட்பாட்டாளர்களின் பெயர்களை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள், வாதம் நிற்கிறதா? நிற்காவிட்டால் பெயர்களின் மதிப்பை வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். அடுத்து, மேற்கோள்களை அடித்துவிட்டுப் படியுங்கள். இப்போது வாதம் நிற்கக் கூடாது. அப்போதும் உறுதியாக நின்றால் அது அந்தப் பனுவலிலிருந்து வரவில்லை.

விட்டுவைத்த முதல் கேள்விக்கு வருகிறேன், ‘அது’. வாக்குறுதியைப் பற்றி முறையாகச் சிந்தித்தவர் ஆங்கிலத் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகள் அவர் மறைவுக்குப் பின் 1962இல் நூலாயின. ‘வாக்களிக்கிறேன்’ என்று சொல்வது ஒரு செயலை விவரிப்பதில்லை, சொல்வதே அந்தச் செயல் என்றார். அந்தச் செயல் நிறைவேறச் சரியான சூழலும் உரியவர்களும் வேண்டும். இல்லாவிட்டால் அது மெய்யோ பொய்யோ ஆவதில்லை, பிசகிப்போகிறது. சரியான சூழல் என்றால் என்ன என்ற கேள்வியிலேயே நம் தலைவி சிக்கியிருக்கிறாள். வாக்கு உண்டானதற்கு அவன் வாயைத் தவிர ஆதாரமே இல்லாத இடத்தில், அவன் மறுத்தால் வாக்கு மீறப்படுகிறதா, அல்லது வாக்கே இல்லாமல் போகிறதா? அவள் ‘மீறினால்’ என்று சொல்லவில்லை, ‘பொய்ப்பின்’ என்கிறாள்.

ஆஸ்டினைப் பாட்டின் மேல் ஒட்டிவிட்டுக் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் அவர் நூலைக் கவனமாகப் படித்தவருக்கு ஓர் இடைஞ்சல் காத்திருக்கிறது. மேடையில் நடிகர் சொல்வதும் கவிதையில் வருவதும் தனி வகையில் வெறுமையானவை, இந்த ஆராய்ச்சியில் சேராதவை என்று அவரே ஒதுக்கிவைக்கிறார். அந்த ஒதுக்கலைத்தான் தெரிதா 1971இல் பிடித்துக்கொண்டார்: மேற்கோளாகத் திரும்பச் சொல்லக்கூடியதாக இல்லாத எந்த வாக்கும் வாக்காக இயங்க முடியுமா என்று கேட்டார். நம் பாட்டில் வாக்குறுதியின் சொற்கள் இல்லை. ஒரு கவிஞன், ஒரு பெண்ணின் குரலில், இன்னொருவன் சொன்னதாக நாம் ஊகிக்கும் ஒன்றை ‘அது’ என்ற ஒற்றைச் சொல்லால் சுட்டுகிறான். திரும்பச் சொல்ல முடியாதபடி, மேற்கோள் காட்ட முடியாதபடி சொற்கள் போய்விட்டன. ஆஸ்டின் கவிதையை ஒதுக்குகிறார், தெரிதா மேற்கோளை நடுவில் கொண்டுவருகிறார், கபிலரின் பாட்டோ மேற்கோளே கிடைக்காத ஒரு வாக்கை நடுவில் வைத்திருக்கிறது. இவ்விருவரும் இந்த இடத்தை என்ன செய்வார்கள் என்பதுதான் இனி எழுத வேண்டிய கட்டுரையின் முதல் வாக்கியம். அதற்கான சான்று, இரண்டாம் அடியில் இருக்கும் அந்த ஈரெழுத்துச் சொல்.